அப்பாவின் மழைக் கணக்கு

2024 நவம்பர் கடைசியில் ஒரு மாலை, சேலம் ஐந்து ரோட்டில் பேருந்துக்காக நின்றிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. தபால்தலை அளவே உள்ள மெல்லிய ஒட்டுப்பட்டை ஒன்றை முன்கையில் ஒட்டிக்கொண்டால் போதுமாம். அது மீயொலியை, அதாவது வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் அதே வகை ஒலியை, தோலுக்குள் அனுப்பித் தமனியின் அசைவைக் கவனித்து, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்குமாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியர் ஷெங் ஷுவின் குழுவினர் அதை 117 பேரிடம் சோதித்துப் பார்த்திருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம். ஐந்து மாதங்களுக்கு முன்பு, அந்த ஆண்டின் ஆனி மாதத்தில், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்த என் அப்பா நள்ளிரவில் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். இப்படியொரு பட்டை அவர் கையில் இருந்திருந்தால் விழுந்திருக்கவே மாட்டார் என்று அன்று மாலை உறுதியாக நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆய்வைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த நம்பிக்கை ஒரு பக்கம் கரைந்தது, இன்னொரு பக்கம் வேறு வடிவில் திரும்பி வந்தது. இன்றுவரை அது ஒரு நிலைக்கு வராததால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் 34 ஆண்டுகள் ரைட்டராக இருந்தவர். செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு எழுதுவது, பழம் பறிக்கும் நாட்களில் எடை பார்ப்பது, களத்தில் காயும் கொட்டைக்குக் கணக்கு வைப்பது ஆகியவற்றோடு மழை அளப்பதும் அவர் வேலை. தோட்ட அலுவலகத்தின் முன்னால் புல்வெளியில் நட்டுவைத்திருந்த மழைமானியைக் காலை 8 மணிக்குத் திறப்பார். உள்ளே இருக்கும் பாத்திரத்தை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, நீரின் விளிம்பைப் பார்க்காமல் நடுவில் குழிந்திருக்கும் இடத்தைப் பார்த்துப் படிப்பார். குனிந்து பார்த்தால் ஒரு கணக்கு, நிமிர்ந்து பார்த்தால் ஒரு கணக்கு வரும் என்று சிறு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அங்குலத்திலும் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கான சென்ட்டிலும் எழுதுவார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு வாசலில் ஒரு மழைமானி வைத்துக்கொண்டார். இரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லப்பட்ட பிறகு, அதே மழை நோட்டில் வலது ஓரத்தில் ஒரு பத்தி கிழித்து, தனக்கு யார் எப்போது அழுத்தம் பார்த்தாலும் அதையும் எழுத ஆரம்பித்தார்.

அந்த நோட்டைத்தான் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அது எங்கள் மலைக்கும் வந்த பிறகு, ஒரு பெண் மாதம் ஒரு முறை வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்து அழுத்தமும் பார்த்துவிட்டுப் போவார். திண்ணையில் உட்கார்ந்து, காப்பி குடிக்கச் சொன்னால் முதலில் அளந்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று சொல்லும் நிதானம் அவருக்கு உண்டு. அவர் எடுத்த அளவுகள் 128/76, 132/80, 126/74 என்று வரிசையாக நோட்டில் இருக்கின்றன. இடையிடையே சேலத்தில் எடுத்த அளவுகள் 168/92, 172/94. இரண்டும் ஒரே மனிதருக்கு, சில நாட்கள் இடைவெளியில் எடுத்தவை. இந்த இரண்டு வகை எண்களும் ஒரே பத்தியில் ஒன்றின் கீழ் ஒன்றாக அவர் கையெழுத்திலேயே இருந்தும், அவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேலத்து அளவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலை 6 மணிப் பேருந்தில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அடிவாரம் தாண்டி, பேருந்து நிலையத்தில் இன்னொரு வண்டி மாறி, மருத்துவமனையின் மாடிப்படி ஏறி வந்து நிற்பார். வந்தவுடன் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். முதுகுச் சாய்வு இல்லாத முக்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையின் மேலேயே அளவுக் கருவியின் கைப்பட்டையைச் சுற்றி, கை தொங்கிக்கொண்டிருக்க, "பெரியவரே, சாப்டாச்சா, எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்துவார்கள். அளப்பதற்கு முன் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும், பேசக் கூடாது, சிறுநீர் கழித்திருக்க வேண்டும் என்பவை வழிகாட்டு நெறிகளில் உள்ளவை. அப்பாவுக்கு ஒன்றுகூட அமையவில்லை. ஒன்றரை மணி நேரம் பேருந்தில் அடக்கிக்கொண்டு வந்தவர், அளந்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்து, "கழிப்பறை எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டார். நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தத்தை உயர்த்தும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம். மருத்துவர் சீட்டில் 172/94 என்ற எண்ணை வட்டமிட்டு, ஏற்கெனவே இருந்த மாத்திரையோடு இன்னொன்று சேர்த்தார். மலையில் எடுத்த அளவுகள் எழுதிய அட்டை அப்போது அப்பாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. கேட்டால் எடுத்துக்கொடுக்கலாம் என்று அவர் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை.

சிறுநீர்த் தொல்லைக்கு வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும் வகையைச் சேர்ந்தது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். புதிய மாத்திரை தொடங்கிய 11ஆம் நாள் இரவு 2 மணிக்கு அப்பா சிறுநீர் கழிக்க எழுந்தார். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. கட்டிலிலிருந்து எழுந்து நாலைந்து அடி நடந்ததும் கண் இருண்டுவிட்டது என்றார். அம்மா விளக்கைப் போட்டபோது குளியலறை வாசற்படியில் ஒருக்களித்துக் கிடந்தார்.

ஒரு சாண்

அறுவை சிகிச்சை சேலத்தில் நடந்தது. அப்பாவுக்கு 74 வயது, இதயமும் அவ்வளவு திடமில்லை என்பதால், மயக்க மருத்துவர் இடது மணிக்கட்டுத் தமனிக்குள்ளேயே ஒரு மெல்லிய குழாயைச் செருகி அழுத்தத்தை நேரடியாகப் பார்க்க ஏற்பாடு செய்தார். ஐ.சி.யூ.வில் அதை ஆர்ட் லைன் என்கிறார்கள். குழாயில் நிரம்பிய சலைன் நீர் தமனியின் அழுத்தத்தை, கட்டிலுக்குப் பக்கத்தில் தனியே நிற்கும் கம்பியில் மாட்டியிருக்கும் டிரான்ஸ்டியூசர் என்ற சிறிய உணரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது திரையில் சிவப்புக் கோடாக ஓடுகிறது. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் மட்டுமே உள்ளே விடுவார்கள். நான் அந்த நேரம் முழுவதும் அப்பாவின் முகத்தைவிட அந்தக் கோட்டைத்தான் அதிகம் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு செங்குத்தாக ஏறும். உச்சியிலிருந்து வழுக்கி இறங்கும் வழியில் சிறு பள்ளம் விழும். உடனே ஒரு சின்ன மேடு எழும்பிப் பிறகு சரியும். பெருந்தமனியின் வால்வு மூடிக்கொள்ளும் நொடிதான் அந்தப் பள்ளம். அதுவரை எனக்கு அழுத்தம் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எண்கள்தான். அந்த இரண்டுக்கும் நடுவே இவ்வளவு நடக்கிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

இரண்டாம் நாள் மாலை ஒரு சிஸ்டர் கட்டு மாற்றுவதற்காக, குனிந்து வேலை செய்ய வசதியாக, பொத்தானை அழுத்திக் கட்டிலை மேலே உயர்த்தினார். திரையில் 124 என்றிருந்த மேல் எண் 130, 136 என்று ஏறி 141இல் நின்றது. அப்பா அசையவில்லை, பேசவில்லை, வலிப்பதாக முகம் சுளிக்கவும் இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. சிஸ்டரோ அப்பாவைத் திரும்பியே பார்க்கவில்லை. கம்பியில் இருந்த திருகைத் தளர்த்தி, டிரான்ஸ்டியூசரை மேலே நகர்த்தி, அப்பாவின் அக்குளுக்குக் கீழே நெஞ்சின் பாதி உயரத்துக்கு நேராகக் கண்ணால் மட்டம் பார்த்து மறுபடி இறுக்கினார். எண் 125க்கு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டி, "பிரஷர் ஏறலண்ணா, கட்டில்தான் ஒரு சாண் ஏறுச்சு" என்றார்.

இரவு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரத்த அழுத்தத்தைப் பாதரசத்தின் மில்லிமீட்டரில் சொல்கிறோம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே ஒரு சாண், அதாவது சுமார் 23 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். 124க்கும் 141க்கும் இடையே சரியாக 17. 1733இல் வெளியான நூலில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றதாக எழுதியிருக்கிறார். அழுத்தம் என்பது அடிப்படையில் ஓர் உயரம்; எங்கிருந்து அளக்கிறோம் என்று சொல்லாமல் உயரத்தைச் சொல்ல முடியாது. குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்த அப்பாவும் திருகைத் தளர்த்திய சிஸ்டரும் செய்தது ஒரே காரியம்தான் என்று அப்போது தோன்றியது. சேலத்தில் கையைத் தொங்கவிட்டு எடுத்த 172இல் எத்தனை சாண் கலந்திருந்தது என்றும் தோன்றியது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். மனிதன் எழுந்து நிற்கும்போது மூளை இதயத்துக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இதய மட்டத்தில் உள்ள அழுத்தத்தில் சுமார் 26 குறைந்துதான் அங்கே போய்ச் சேரும். உடம்பு இதை அறியும். எழுந்த சில நொடிகளில் நாளங்களைச் சுருக்கி ஈடுகட்டிவிடும். வயதும் மாத்திரையும் சேர்ந்து அந்த ஈடுகட்டலை மந்தமாக்கினால், எழுந்தவருக்குக் கண் இருளும். எழுந்து 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை நோயாகவே கணக்கிடுகிறார்கள். நாலாம் நாள் அப்பாவை வாக்கர் பிடித்து நிற்கவைத்தபோது பொது மருத்துவர் ஒருவர் வந்து, படுத்திருக்கையில் ஒரு முறை, நின்றபின் ஒரு முறை என்று சாதாரணக் கைப்பட்டையாலேயே அளக்கச் சொன்னார். படுத்து 134/78, நின்று 102/64. அந்த 102இல் 26 போனால் மிச்சம் 76. புது மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

எதிரொலி

இனி அந்த ஒட்டுப்பட்டை. அதன் வேலை கேட்பதற்கு எளிது. அழுத்தினால் மின்சாரம் தரும் சில படிகங்கள் உண்டு என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள்; மின்சாரம் கொடுத்தால் அவை அதிரும் என்பதை அடுத்த ஆண்டு உறுதிசெய்தார்கள். அந்த வகைப் பொருளின் சிறு சிறு துண்டுகளை, நீளவும் மடங்கவும் கூடிய செப்பு மின்தடங்களோடு சேர்த்து, சிலிக்கோன் ரப்பருக்குள் பதித்திருக்கிறார்கள். ஒரு துண்டு அதிர்ந்து ஒலியை உள்ளே அனுப்புகிறது. ஒலி தமனியின் முன்சுவரில் பட்டு ஒரு முறையும், பின்சுவரில் பட்டு ஒரு முறையும் எதிரொலிக்கிறது. உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1540 மீட்டர். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தமனியில் இரண்டு எதிரொலிகளுக்கும் இடையே நொடியின் பத்து லட்சத்தில் 5 பங்கு இடைவெளி இருக்கும். இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது தமனி விரிகிறது, இடைவெளி கூடுகிறது, தளரும்போது குறைகிறது. இந்த விரிவும் சுருக்கமும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான் என்றாலும், விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் ஐ.சி.யூ. திரையில் நான் பார்த்த அதே வடிவம், பள்ளமும் மேடும் உட்பட, ஊசி இல்லாமலே கிடைத்துவிடுகிறது. நாடி பிடிக்கும் வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் பார்த்ததும் இந்த விரிவைத்தானே என்று எனக்கு ஓர் ஆசை எழுந்தது. அந்த ஒப்பீடு வெகுதூரம் போகாது என்பதும் தெரியும்.

இதே குழு 2018இலேயே முதல் வடிவத்தை வெளியிட்டிருந்தது. 240 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அது, தோலுக்கு அடியில் 4 சென்டிமீட்டர் ஆழம் வரை பார்த்து, கழுத்துத் தமனியில் அலை வடிவத்தைப் பிடித்தது. வெளிச்சத்தை வைத்து அளக்கும் கைக்கடிகாரங்கள் தோலை ஒட்டியுள்ள மெல்லிய நாளங்களை மட்டுமே காண்பவை என்பதால், இந்த ஆழம் பெரிய வேறுபாடு. 2024இல் வெளியானது அதன் மேம்பட்ட வடிவத்தை மனிதர்களிடம் சோதித்த முடிவு. 117 பேரில் 7 பேர் சைக்கிள் மிதித்தும் சாப்பிட்டும் மனக்கணக்குப் போட்டும் பார்த்தார்கள். 21 பேர் இதயக் குழாய்ப் பரிசோதனைக்கு வந்தவர்கள், 4 பேர் அறுவை சிகிச்சைக்குப் பின் ஐ.சி.யூ.வில் இருந்தவர்கள், இந்த 25 பேரிடமும் பட்டை சொன்னது தமனிக்குள் செருகிய குழாய் சொன்னதோடு நெருங்கி ஒத்துப்போனது. மிச்சம் 85 பேர். அவர்களுக்கு வைத்த சோதனை, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பது.

அந்த வரியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். எழுந்து நிற்பது! என் அப்பாவைச் சேலத்தில் யாரும் எழுப்பி நிற்கவைத்து அளக்கவில்லை. அதற்கு மீயொலி தேவைப்பட்டிருக்கவில்லை. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கண்ட கைப்பட்டையும், 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் சொல்லிக்கொடுத்தபடி கேட்கும் ஒரு காதும், 3 நிமிடமும் போதும். ஆய்வில்கூட அந்த 85 பேரிடம் ஒட்டுப்பட்டை சொன்னது சரியா என்று சரிபார்த்தது சாதாரணக் கைப்பட்டையை வைத்துத்தான். ஐந்து ரோட்டில் எனக்கு வந்த கோபம் கலிபோர்னியாவின் தாமதத்தின் மேல் வந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்த முக்காலியும், அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நானும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. அதைப் பற்றிச் செய்திகள் அதிகம் பேசுவதில்லை. ஒட்டுப்பட்டை அளப்பது அகலத்தை, அழுத்தத்தை அன்று. அகலத்தை அழுத்தமாக மாற்ற அந்தத் தமனிச் சுவர் எவ்வளவு விறைப்பானது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள, தொடக்கத்தில் ஒரு முறை சாதாரணக் கைப்பட்டையால் அளந்து அந்த எண்ணை இதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முக்காலியில் உட்காரவைத்துச் சட்டைக் கையின் மேல் சுற்றி எடுத்த 172ஐச் சொல்லிக்கொடுத்தால், ஒட்டுப்பட்டை அந்தத் தவற்றை ஒவ்வொரு துடிப்புக்கும், இரவும் பகலும், சலிக்காமல் திருப்பிச் சொல்லும். வயதாக ஆகத் தமனி விறைக்கும் என்பதால் சொல்லிக்கொடுத்ததையே மறுபடி மறுபடி சரிபார்க்கவும் வேண்டும். உயரத்தின் சிக்கலும் தீரவில்லை. முன்கையில் ஒட்டிய பட்டை அந்த இடத்துத் தமனியைத்தான் பார்க்கிறது; கையை ஒரு சாண் இறக்கினால் அங்கே அழுத்தம் உண்மையாகவே ஏறும். அது கட்டில் ஏறியதா, மனிதர் பதறினாரா என்று பிரித்துப் பார்த்துத் திருகைத் தளர்த்தும் சிஸ்டரின் கை அந்தப் பட்டைக்கு இல்லை. 2024இல் சோதித்த வடிவத்துக்கு மின்சாரமும் கணினியும் கம்பி வழியாகத்தான் வந்தன. கம்பியில்லாமல் ஆக்குவது தங்களின் அடுத்த வேலை என்று அப்போது சொல்லியிருந்தார்கள். கைப்பட்டை இல்லாத கருவிகளை நோயறிய நம்ப வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2022இல் சொன்னதன் பின்னணியில் இப்படிப்பட்ட தயக்கங்கள்தான் இருக்கின்றன.

மழைமானி செய்யாதது

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவர் ஏற்காட்டுக்குத் திரும்பி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்க ஆரம்பித்திருந்தார். முதலில் கேட்டது, "ரெண்டுமே மில்லிமீட்டரா?" என்பது. இப்போது மழையை எல்லாரும் மில்லிமீட்டரில் சொல்கிறார்களே, அழுத்தமும் அதே அளவா என்று கேட்டார். அது நீர், இது பாதரசம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மழைமானியில ராத்திரி பெய்ஞ்சது அப்படியே நிக்கும்ப்பா. நான் தூங்கினாலும் அது தூங்காது. அதனாலதான் காலையில ஒரு தடவை பார்த்தா போதும். இது நிக்காதே. நீ பார்க்கிற நேரத்துல எவ்வளவோ அவ்வளவுதான். விடிகாலையில் தூறுச்சா, பாதி ராத்திரியில் கொட்டுச்சான்னு எப்படித் தெரியும்?" என்றார். நான் படித்த கட்டுரைகள் எதுவும் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லவில்லை. மருத்துவமனையில் எடுக்கும் ஓர் அளவு என்பது, ஆண்டின் மழையை அறிய ஒரு நாள் வாசலில் கையை நீட்டிப் பார்ப்பது போன்றது. பார்க்கிற நேரத்தில் பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் பஞ்சம்.

இரவில் பெய்வதைப் பிடிக்க இப்போதும் ஒரு வழி இருக்கிறது. இடுப்பில் சின்னப் பெட்டியும் கையில் பட்டையுமாக ஒரு நாள் முழுக்கக் கட்டிவிடுவார்கள். 15 நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒரு முறை அது தானாக உப்பி அளந்துகொள்ளும். தூக்கத்தில் அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. இறங்காதவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த இரவு எண்களுக்கு மதிப்பு அதிகம். அப்பாவுக்கும் அதைக் கட்டினார்கள். மறுநாள் கழற்றும்போது, "ராத்திரி பூரா யாரோ கையைப் பிடிச்சுப் பிடிச்சு நசுக்கின மாதிரி இருந்துச்சு, எங்க தூங்கறது?" என்றார். தூங்கும்போது எவ்வளவு என்று அறியக் கட்டிய கருவி, தூங்கவிடாமல் அளந்தது. என் நம்பிக்கை திரும்பி வருவது இந்த இடத்தில்தான். நசுக்காமல், எழுப்பாமல், நள்ளிரவு 2 மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்காரும் அந்த நொடியில் அழுத்தம் எப்படிச் சரிகிறது என்று பார்க்க, கைப்பட்டையால் ஆகாது. அது ஒரு முறை அளந்து முடிப்பதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். கண் இருள்வதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. துடிப்புக்குத் துடிப்பு பார்க்கும் ஒன்றால்தான் அந்தச் சரிவைப் பிடிக்க முடியும்.

பிடித்து என்ன செய்வது என்ற கேள்விதான் எனக்குப் பதில் கிடைக்காதது. ஐ.சி.யூ.வில் ஓர் அலை ஓடினால் அதைப் பார்க்க ஒருவர் இருந்தார். அதுவும் எண்ணை மட்டும் பார்க்காமல் கட்டிலையும் கம்பியையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர். நாகலூரில் இரவு 2 மணிக்கு அந்த அலையை யார் பார்ப்பார்கள்? அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். நான் சேலத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். கருவி அலறினால் அப்பா பதறி இன்னும் வேகமாக எழுந்திருப்பார். ஒரு வாரத்து அலைகளைச் சேர்த்துவைத்து மருத்துவரிடம் காட்டலாம் என்றால், சட்டைப்பையில் இருந்த ஓர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்க நேரமில்லாத இடத்தில் ஏழு லட்சம் துடிப்புகளை யார் படிப்பார்கள்? 2023இல் வெளியான தேசிய ஆய்வொன்றின்படி நாட்டில் 31.5 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அத்தனை பேரையும் 5 நிமிடம் சாய்த்து உட்காரவைத்து, பிறகு 3 நிமிடம் நிற்கவைத்து அளக்க ஆளில்லை என்பதும் உண்மைதான். அந்த முக்காலிப் பக்கத்து ஊழியருக்கு அன்று காலை எனக்குப் பின்னால் எழுபது பேராவது காத்திருந்தார்கள். ஆள் இல்லாத குறையை ஒட்டுப்பட்டை தீர்க்கும் என்று ஒரு நாள் நினைக்கிறேன். அளக்க ஆள் தேவைப்படாமல் போனால் பார்க்கவும் ஆள் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுவார்களோ என்று மறுநாள் பயப்படுகிறேன். கடை விலைக்கு வந்தால் வாங்குவேனா என்று என் மனைவி கேட்டாள். வாங்குவேன் என்றேன், ஏன் என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

இப்போதைக்கு நடப்பது இதுதான். மாதம் ஒரு முறை வரும் அந்தப் பெண், அப்பாவைக் கட்டிலில் 5 நிமிடம் படுக்கவைத்து ஒன்று, எழுப்பி நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று என்று எடுக்கிறார். மற்ற நாட்களில், நான் வாங்கிக்கொடுத்த கருவியை வைத்து அம்மா எடுக்கிறார். முதல் வாரம் பட்டையைத் தளர்வாகச் சுற்றிவிட்டு 'ஈ' என்று பிழைக் குறி காட்டுகிறதே என்று அலறியவர், இப்போது இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கி, கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு நேராக வைத்து, பேசக் கூடாது என்று அப்பாவையே மிரட்டுகிறார். சேலத்துக்குப் போகும்போது அந்த நோட்டை அட்டையோடு சேர்த்து மருத்துவரின் மேஜைமேல் முதலில் நானே வைத்துவிடுகிறேன். இந்த முறை அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நடுப் பத்தியில் இருக்கும் எண்கள் எதற்கு என்று கேட்டார். மழை என்றேன்.

மழை நோட்டின் வலது ஓரத்துப் பத்தியை அப்பா இப்போது இரண்டாகப் பிரித்து, ஒன்றில் படுத்து, இன்னொன்றில் நின்று என்று தலைப்புப் போட்டிருக்கிறார். நேற்றுக் காலை 8 மணிக்குப் பிறகு கைப்பேசியில் கூப்பிட்டேன். படுத்து 138/82, நின்று 127/78 என்று படித்துக் காட்டினார். சரி, வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருப்பா" என்றார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "42 சென்ட்" என்றார். "எல்லாம் பாதி ராத்திரியில பெய்ஞ்சது. நான் எந்திரிச்சு உக்காந்து, ரெண்டு நிமிசம் கேட்டுட்டுத்தான் நின்னேன்."